பதினோராவது மைக்ரான்

துறைத்தலைவர் நாற்காலி எனக்கு நிலத்தோடு சேர்ந்து வந்தது. பூதலூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு இருந்த வயல்களை ஓர் அறக்கட்டளை வாங்கிப் பொறியியல் கல்லூரி கட்டியது. கிரயம் எழுதிய அன்று தாளாளர் என் தோளில் கை போட்டு, டாக்டர் பட்டம் வாங்கியவர் வெளியூரில் போய் எவனிடமோ கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்டார். நான் நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் எழுந்திருக்கவில்லை.

ஆறு மா மட்டும் வில்லங்கத்தோடு போனது. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். சாலைக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் நடுவில், வாசல் வளைவு எங்கே வரவேண்டுமோ சரியாக அங்கே. என் அப்பா காலத்திலிருந்து அதை ஒருவர் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. அவராக விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் ஒழிய யாரும் அவரைக் கிளப்ப முடியாது. வளைவு கட்ட அனுமதியும் கிடைக்காது. அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு என்று பேச்சு.

உழுகிறவனைக் காப்பாற்றும் சட்டத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசி மேலே வந்தவர்தான் எங்கள் தாளாளர். நன்றாகவே பேசுவார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆட்சி மாறும்போது அவர் மேசைமேல் இருக்கும் படம் மாறும், சட்டைப்பையில் தெரியும் படம் மாறும். ஆனால் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி மட்டும் மாறாது. அந்தக் கிழவனை எப்போது கிளப்பப் போகிறீர்கள் என்பதுதான் அது.

அந்தக் கிழவரின் மகன் என் துறையில் உதவிப் பேராசிரியர். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, உதவித்தொகையில் மேல்படிப்பு என்று படித்து வந்தவன். அவனுக்கு அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தது நான்தான். காரணம் தகுதி இல்லை. தகுதியும் இருந்தது, அது வேறு விஷயம். மகனுக்குக் கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டால் அப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவர் வைக்கவில்லை. காலையில் மகன் பைக்கில் கல்லூரிக்குள் போவான். வரப்பில் நிற்கும் அப்பா கையைத் தூக்கிக் காட்டுவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

என் அப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நானும் பத்து வயதிலேயே அப்படித்தான் கூப்பிட்டேன். மகன் கல்லூரிக்கு வந்த பிறகு, மகன் பக்கத்தில் இருந்தால் 'வாங்க', இல்லாவிட்டால் 'வா'. அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வருவார்.

எங்கள் துறைக்கு அப்போது மத்திய அரசின் நிதியில் ஒரு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்திருந்தது. சிலிக்கான் சில்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை செய்யவேண்டும். அதை மின்சாரத்தால் இருபது மைக்ரான் தூரம் நகர்த்தவேண்டும். இருபது மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமனில் கால்வாசி. அந்த உலகத்தில் அது திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிற தூரம்.

மேடை எதன் மேலும் உட்கார்ந்திருக்காது. மெல்லிய, நீளமான சிலிக்கான் பட்டைகள் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கும். மேடையின் விளிம்பில் ஒரு சீப்பு. எதிரே அசையாத இன்னொரு சீப்பு. ஒன்றின் பற்கள் மற்றதின் பற்களுக்கு நடுவில், தொடாமல் நுழைந்திருக்கும். மின்சாரம் கொடுத்தால் சீப்பு சீப்பை இழுக்கும், பட்டைகள் வளையும், மேடை முன்னே போகும். மின்சாரத்தை நிறுத்தினால் பட்டைகள் நிமிர்ந்து மேடையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். வேலை முழுக்க அந்தப் பட்டைகளின் கணக்கில்தான் இருக்கிறது.

நான் நேர்கோட்டுக்காரன். ஒரு பங்கு இழுத்தால் ஒரு பங்கு வளையும், இரண்டு பங்கு இழுத்தால் இரண்டு பங்கு வளையும். என் டாக்டர் பட்ட ஆய்வே அந்தக் கோட்டில்தான் ஓடியது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதைச் சமன்பாடாக எழுதினால் என் ஆய்வேடு வந்துவிடும். கொஞ்சமாக வளைகிறவரை இந்தக் கணக்கு மிகச் சரி. நிறைய வளைந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் வந்ததில்லை.

அவன் பார்த்திருந்தான். ஆவணி மாதம் ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து, பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டை என் முன்னால் விரித்தான். நான்கு வருஷமாகப் பட்டைகளின் பெரிய வளைவை மாடல் செய்துகொண்டிருந்திருக்கிறான். மேடை முன்னே போவதில் பிரச்சினை இல்லை, ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது என்றான். மேசைமேல் இருந்த துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்து நேராக நிறுத்தி, மேலிருந்து விரலால் அமுக்கினான். அசையவில்லை. பிறகு அதைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்துக்கொண்டு அதே விரலால் அமுக்கினான். சுலபமாக மடிந்தது.

"பட்டையும் இப்படித்தான் சார். நேரா இருக்கறவரைக்கும் பக்கவாட்டுல அசைய விடாது. முன்னாடி நல்லா வளைஞ்சிட்டா அந்தப் பலம் போயிடும். பதினோரு மைக்ரான்ல சீப்பு பக்கத்துல சாஞ்சிரும். பல்லும் பல்லும் ஒட்டிக்கிட்டா கரண்ட நிறுத்தினாலும் திரும்பி வராது."

வழியும் வைத்திருந்தான். பட்டைகளை ஆரம்பத்திலேயே எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து வரைந்துவிட்டால், மேடை போய்ச் சேரும் இடத்தில் அவை நிமிர்ந்து நிற்கும், பலம் எங்கே தேவையோ அங்கே இருக்கும் என்றான். கேட்க அவ்வளவு எளிது. அதற்குப் பின்னால் நாற்பது பக்கம் பென்சில் கணக்கு.

அவன் சொல்வது சரி என்று எனக்குப் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இதை இப்போது எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. புரியாமல் மறுத்தேன் என்றால் மன்னிப்பு கிடைக்கலாம். எனக்குப் புரிந்தது. புரிந்ததும் முதலில் வந்தது பொறாமை. இரண்டாவதாக வந்தது, இந்த நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு.

நோட்டை மூடி அவனிடமே கொடுத்தேன். திட்டத்தில் இதைச் சேர்க்கவேண்டுமானால் உன் பெயரைச் சேர்க்கவேண்டும், அதற்குத் தாளாளர் ஒப்பவேண்டும், தாளாளர் ஒப்புவதற்கு உன் அப்பா ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. 'அப்பாகிட்ட பேசிப் பாரேன்' என்றுதான் சொன்னேன். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு, அது அப்பா பாடு சார், நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சத்தமே போடவில்லை.

அவன் அப்பாவை நான் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதலில் வரப்பிலிருந்த தென்னை நான்கையும் மதில் கட்ட வேண்டும் என்று வெட்டினேன். வெட்டுங்க என்றார். பிறகு வண்டிப்பாதையை அடைத்தேன். தலைச்சுமையாகக் கொண்டுபோனார். மோட்டார் லைன் கல்லூரி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போகிறது என்று துண்டித்தேன். அடுத்த வயல்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பின்னால் போனார், ஒரு தடவையும் கோபப்படவில்லை. கீழ்வேளூர் பக்கத்திலிருந்து செங்கொடி சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து போராடலாம் என்று கூப்பிட்டார்கள். சின்னய்யா அவ்வளவு தூரம் போகமாட்டாரு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சின்னய்யா என்பது நான். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கணக்கு நேர்கோட்டில் போகிறது, இன்னும் ஒரு தள்ளு என்று நினைத்தேன்.

அந்தத் தள்ளு அடங்கல். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் வருஷா வருஷம் எழுதும் பதிவேடு அது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட அந்தச் சான்று வேண்டும். அதே ஆவணியில் அலுவலரை என் காரிலேயே அழைத்துவந்தேன். குறுவை கதிர் வாங்கிப் பூ பிடித்திருந்த சமயம். வரப்பில் நின்று எழுதும்போது கதிர்கள் அவர் பேண்டில் உரசிக்கொண்டிருந்தன. ஆறு மாவுக்கும் நேரே 'தரிசு' என்று எழுதினார். எழுதிவிட்டு, குனிந்து பேண்டில் ஒட்டிய மகரந்தத்தைத் தட்டிவிட்டார்.

புரட்டாசியில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. சில்லு செய்யும் கூடத்துக்கு வரைபடம் அனுப்பக் கடைசி நாள், டெல்லிக்கு அரையாண்டு அறிக்கை அனுப்பக் கடைசி நாள். கிழவர் கையெழுத்துப் போட்டிருந்தால் மகனின் வரைபடத்தை அனுப்பியிருப்பேன். போடவில்லை. ஆகவே என்னுடையதை அனுப்பினேன். அவன் பதினோரு மைக்ரான் என்றால் எப்படியும் பதினைந்து வரையாவது போகும், தப்பினாலும் கொஞ்சம்தானே தப்பும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பும்கூட நேர்கோட்டில்தான் வரும் என்று நம்புகிற அளவுக்கு நான் நேர்கோட்டுக்காரன். அறிக்கையில் துறை ஆசிரியர் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலையை எழுதவேண்டும். அவன் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். அறிக்கை எல்லோர் மேசைக்கும் ஒரு நகல் போகும். அவன் மேசைக்கும் போனது.

ஐப்பசி பிறந்ததும் அவர் அறுத்தார். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லை அம்பாரமாகக் கொட்டி வரிசையில் காத்திருந்தார். அவர் முறை வந்தபோது அடங்கலைக் கேட்டார்கள். மூன்று நாள் அலுவலர் வீட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தார். நான்காம் நாள் என் வீட்டுக்கு வந்தார். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நெல்லு கெடக்குங்க. தரிசுன்னு எழுதியிருக்காம்."

"கையெழுத்துப் போடு. அடங்கல் தானா சரியாயிடும்."

மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் வாசலைத் தாண்டும்போதே தூறல் விழ ஆரம்பித்தது.

மழை ஆறு நாள் விடவில்லை. நான் வேண்டுமென்றே அந்தப் பக்கமாகக் காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் பாதி அம்பாரத்தைத்தான் மூடியிருந்தது. மீதி நெல் நனைந்து, சூடேறி, வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து நெல்லைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை தேடினாலும் கிடைக்காது, சந்தோஷம்தான். அன்று மாலை தாளாளருக்குப் போன் செய்து, வாசல் வளைவுக்கு ஆள் பார்க்கச் சொன்னேன்.

இந்த ஊர்க்காரனாக இருந்தும் ஒன்றை நான் மறந்துபோனேன். முளைவிட்ட நெல் விற்கத்தான் ஆகாது, விதைக்க ஆகும். விதைநெல்லை நாங்களே தண்ணீரில் ஊறப்போட்டு, மூட்டையில் கட்டி, முளை வரவழைத்துத்தானே விதைக்கிறோம். மழை விட்ட மறுநாள் அவர், வேர் பின்னிக்கொள்ளாத நெல்லாகப் பார்த்துப் பொறுக்கி, கூடை கூடையாகச் சுமந்துவந்து, அதே ஆறு மாவிலும் சேறு கலக்கி வீசிவிட்டார். பத்தே நாளில் கல்லூரி வாசலில் பச்சை பிடித்தது. வகுப்புக்கு வந்த மாணவர்கள் நின்று பார்த்தார்கள். தாளாளர் போனில் என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

கார்த்திகையில் ஒரு காலையில் கிராவல் லாரிகளை வரவழைத்தேன். பதினோரு லாரி. அவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பேறி என்னிடம் வந்தார். மகனும் பைக்கை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். அதனால் நான் மரியாதையாகப் பேசினேன்.

"நாத்து இருக்குங்க சின்னய்யா."

"அடங்கல்ல தரிசுன்னு இருக்குங்க. தரிசுலதான் கொட்டறோம்."

அவர் திரும்பி நாற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒருவேளை எனக்குக் கண் தெரியவில்லையோ என்று சந்தேகப்பட்டவர் போலத்தான் அந்தப் பார்வை இருந்தது. அப்புறம் கேட்டார், அந்தக் கடைசியிலிருந்து கொட்டச் சொல்லுங்கள், இந்தப் பக்கத்து நாற்றைப் பறித்துக்கொள்கிறேன் என்று. அரை மணி நேரம் தருகிறேன் என்றேன். ஆனால் லாரிக்காரர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு வந்த இடத்தில் கொட்டினார்கள். அவர் லாரிக்கு முன்னால் முன்னால் போய்ப் பறித்துக்கொண்டே இருந்தார். மகன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். அவனும் பறித்தான். ஒரு உதவிப் பேராசிரியர் முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறிப்பதை மாடி ஜன்னல்களிலிருந்து அவன் மாணவர்கள் பார்த்தார்கள். முடிமுடியாகக் கட்டியதில் முப்பது கட்டு தேறியிருக்கும். நட இடம் இல்லை. சாலையோரத்தில் அடுக்கி வைத்தார்கள். நாலு நாளில் பழுத்துக் காய்ந்துபோயிற்று.

அன்றும் மகன் என்னை எதுவும் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு இரண்டாவது பீரியடுக்குப் போனான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று பயந்து, நான் வாசலில் காவலாளியைக்கூடக் கூட்டியிருந்தேன். அவன் மிரளவில்லை. தினம் வந்தான், கையெழுத்துப் போட்டான், பாடம் நடத்தினான், சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். 'சார்' என்ற வார்த்தைகூடக் குறையவில்லை. வளைகிறான், இன்னும் வளைவான் என்று நினைத்தேன்.

தை மாதம் சில்லுகள் வந்தன. மைக்ரோஸ்கோப்பில் வைத்து மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மேடை என் கோட்டின் மேலேயே நகர்ந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து. நான் சிரித்துக்கொண்டே திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது மைக்ரானில் மேடை முன்னே போகவில்லை, நிற்கவும் இல்லை. சடக்கென்று பக்கத்தில் சாய்ந்தது. சீப்பின் பற்கள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டன. மின்சாரத்தை நிறுத்தினேன். திரும்பவில்லை. சில்லைத் தட்டினேன். திரும்பவில்லை. ஒரு டஜன் சில்லுகளிலும் அதே கதை. அவன் ஒவ்வொன்றையும் பொறுமையாக மாற்றி மாற்றி வைத்துக் கொடுத்தான்.

அன்று அவனை அறைக்குக் கூப்பிட்டு, நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மாசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது, உன் மாடலைக் காட்டினால் திட்டத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள், உன் பெயரை முதலில் போடுகிறேன் என்றேன். இந்தத் தடவை அப்பாவின் கையெழுத்தைக்கூடக் கேட்கவில்லை. அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அவன் பார்க்கலாம் சார் என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஒரு அம்மையார், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர், தமிழ் தெரிந்தவர். ஒட்டிக்கொண்ட சில்லின் படத்தைத் திரையில் பார்த்ததும், இது பெரிய வளைவைக் கணக்கில் எடுக்காததால் வந்தது என்று சொல்லிவிட்டார். இங்கே யாரும் அதை மாடல் செய்து பார்க்கவில்லையா என்று கேட்டார். நான் பெருமையாக அவன் பக்கம் கையைக் காட்டினேன். எங்கள் துறையில் நான்கு வருஷமாக அந்த வேலை நடக்கிறது, அவரே சொல்வார் என்றேன்.

அவன் எழுந்து நின்றான். கையில் நோட்டு இல்லை. அறிக்கையின் நகல்தான் இருந்தது.

"அப்படி எதுவும் நடக்கலைங்க மேடம். அறிக்கையில என் பேருக்கு நேரா 'இல்லை'ன்னு இருக்கு. இருந்திருந்தா சார் எழுதியிருப்பாங்க."

அம்மையார் என்னைப் பார்த்தார். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அறிக்கையில் பொய் சொன்னது நான் என்று ஆகும். திட்டம் அன்றே முடிந்தது. அவனுடைய நாற்பது பக்கமும் அதோடு முடிந்தது. வராந்தாவில் அவனைப் பிடித்து நிறுத்தி, உன் தலையில் நீயே மண்ணைப் போட்டுக்கொண்டாயே, ஏன் என்று கேட்டேன்.

"தரிசுன்னு எழுதினா தரிசுதானே சார்" என்றான்.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மேசை இழுப்பறையில் ஒரு துடைப்பக் குச்சி மட்டும் கிடந்தது. அவன் என்னோடு சண்டை போடுவான் அல்லது பணிவான் என்று இரண்டு திசையில்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் அவன் எனக்குக் காட்டிய மூன்றாவது திசை, அந்தப் பக்கவாட்டுத் திசை, எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் அவன் அப்பா கல்லூரிக்கு வந்தார். அதுவரை அவர் என் அறைக்குள் கால் வைத்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பையன் வீட்டுலயே இருக்காங்க. பேச்சே இல்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறான். அவன் என்னமோ கணக்குப் போட்டு வச்சிருந்தானாமே, அதுல அவன் பேர நீங்க எழுதலன்னு கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க." கையைக் கட்டிக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்டுடறேன். அவன் வேலைய மட்டும் அவன் பேருல எழுதிக் குடுத்துருங்க சின்னய்யா."

எழுதுவதற்கு எதுவும் இல்லை. திட்டம் போய்விட்டது, நோட்டு போய்விட்டது, அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை என்று மகனே சொல்லிவிட்டான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் கையெழுத்தை வீணாக்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, மின்விசிறி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கை கட்டியபடி காத்திருந்தார்.

இழுப்பறையைத் திறந்தேன். விட்டுக்கொடுக்கும் பத்திரம் இரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

பேனாவைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், இடத்தை விரலால் காட்டினேன். மேசைமேல் நன்றாகக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய அசையப் பெயரை எழுதினார். மூன்று பக்கத்திலும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, என் கையைப் பார்த்தார்.

கல்லூரித் தலைப்புப் போட்ட தாளை எடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன். இன்னார் இந்தத் துறையில் இத்தனை வருஷம் பணி செய்தார், நடத்தை திருப்திகரம். இரண்டே வரி. வேலையை விட்டுப் போகிற பியூனுக்கும் கொடுக்கிற இரண்டு வரி அது. கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். முத்திரை இருந்தால் அவருக்குத் திருப்தியாக இருக்கும் என்று தெரியும்.

"அந்தக் கணக்கப் பத்தி எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கார்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டு, உறைக்குள் இந்தத் தாளை மடிப்பு விழாமல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கிராவல் கொட்டிய வயலைச் சுற்றிக்கொண்டு போகாமல், அதன் மேலேயே குறுக்கே நடந்து சாலைக்குப் போனார். அதற்கு முன்னால் ஒருநாளும் அவர் அந்தக் கிராவலை மிதித்து நான் பார்த்ததில்லை.

வாசல் வளைவு அந்த வைகாசியிலேயே எழும்பிவிட்டது. தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று விசாரிக்கவில்லை. பட்டைகளைப் பற்றி நானும் பிறகு இரண்டு வருஷம் முட்டி மோதிப் பார்த்தேன். ஏன் சாய்கிறது என்பது வந்தது. சாயாமல் இருக்க எவ்வளவு எதிர்ப்பக்கம் வளைக்கவேண்டும் என்பது கடைசிவரை வரவில்லை.

அதைவிட எனக்கு வராத கணக்கு ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் அந்த உறையை மகனிடம் கொடுத்திருப்பார். மகன் பிரித்துப் படித்திருப்பான். இரண்டு வரிதான், படிக்க நேரம் ஆகாது. நிலத்தைக் கொடுத்து அப்பா என்ன வாங்கி வந்திருக்கிறார் என்று அவனுக்கு உடனே தெரிந்திருக்கும். அப்பா எதிரே நின்று, என்ன எழுதியிருக்காரு என்று கேட்டிருப்பார். அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று நான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். நல்லா எழுதியிருக்காருப்பா என்றுதான் சொல்லியிருப்பான்.